லாரியின் பின்கதவு: ஆலன்டவுனிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை ஒன்பது நாள்

முதல் நாள், வெள்ளி: ஆலன்டவுன், பென்சில்வேனியா

டிரம் கோர் பார்க்க வருகிறவர்கள் டிக்கெட்டைக் காட்டிவிட்டு நேரே கேலரிக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் அரை மணி நேரம் லாரிகள் நிற்கும் பக்கம் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். இந்தக் கலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைத் திறந்து கிடக்கும் பின்கதவு சொல்லிவிடும்.

புதியவர்களுக்காக: டிரம் அண்ட் பியூகிள் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகள், முரசுகள், கொடிகள் மூன்றும் சேர்ந்த இளைஞர் அணி. கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன் கிடையாது. இளையோர் பிரிவில் 21 வயதோடு சரி. பெரிய அணி என்றால் 150 பேரைத் தாண்டும். அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதும் நடந்தும் ஓடியும் பதினோரு பன்னிரண்டு நிமிடம் வாசிப்பார்கள். மே மாதம் பயிற்சி முகாம், ஜூன் கடைசியில் சாலைக்கு இறங்குவது, ஆகஸ்ட் இரண்டாம் வாரவாக்கில் இண்டியானாபொலிஸில் இறுதிப் போட்டி. நம்மூரில் குடியரசு தினத்தன்று பள்ளி மைதானத்தைச் சுற்றி வரும் பேண்டுக்கு இது தூரத்துச் சொந்தம். இரண்டுக்கும் தாத்தா ராணுவம்தான்.

லாரிக்கு வருவோம். பெரிய அணிகளோடு வருபவை 53 அடி நீள டிரெய்லர்கள். ஒன்றில் வாத்தியம், ஒன்றில் சமையலறை, ஒன்றில் மேடைப் பொருட்கள். ஒரு காலத்தில் எல்லாமே பஸ்ஸின் வயிற்றிலும் ஒரு சின்ன வேனிலும் அடங்கின, ஏனென்றால் வாத்தியம் எதுவானாலும் ஆள் தோளில் சுமந்தாக வேண்டும். டிம்பனி எனும் பெரிய அண்டா முரசைக்கூட வாரில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். 1982-ல் தாள வாத்தியங்களைத் தரையில் வைத்து வாசிக்கலாம் என்று விதி தளர்ந்தது. மைதானத்தின் முன்கோட்டில் மரிம்பா (மரப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது), வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகள்), கோங் என்று ஒரு வரிசை முளைத்தது. அதற்குப் பேர் பிட். 2004-ல் ஒலிபெருக்கி வந்தது, 2009-ல் சிந்தசைசர் வந்தது. ஒவ்வொரு அனுமதியும் லாரிக்குள் இன்னும் சில அடிகளைப் பிடித்தது. டீசலையும் ஓட்டுநர் கூலியையும் கடைசியில் கட்டுவது வாசிக்கிற பிள்ளை.

ஆலன்டவுன் ஜே. பர்னி க்ரம் ஸ்டேடியத்துக்குக் கூரை கிடையாது. ஆகஸ்ட் மாலையில் இங்கே இடியும் மழையும் சகஜம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனால்தான் மைதானத்துக்குள் விடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். ஊதுகுழல் ஆட்கள் நின்ற இடத்திலேயே நனைவார்கள், பித்தளைக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. பிட் ஆட்கள்தான் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒலியைக் கலக்கும் மிக்சர் கருவியில் ஈரம் இறங்கினால் அன்றைய நிகழ்ச்சி போச்சு. ரோஸ்வுட் பட்டைகள் ஈரத்தில் சுருதி மாறும் என்பதால்தான் வெளியே வாசிக்கும் மரிம்பாவுக்குச் செயற்கைப் பட்டை போடுகிறார்கள். மழை விடவே இல்லையென்றால் சில அணிகள் நடையை விட்டுவிட்டு, நின்றபடி வாசிப்பதோடு முடித்துக்கொள்ளும். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அணி இதே மழையில் முழு நிகழ்ச்சியையும் நடத்தியிருக்கும். மாற்றத்தின் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள், சனி: ஆலன்டவுன்

இங்கே கிழக்குக் கரையின் கூட்டம் வருகிறது. நரைத்த தலைகள், முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய அணிச் சட்டைகள். இந்தப் பக்கம்தான் கோர்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. முதல் உலகப்போர் முடிந்து 1919-ல் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம் உருவானது. திரும்பி வந்தவர்களிடம் ராணுவ பியூகிளும் இருந்தது, அதை ஊதத் தெரிந்த வாயும் இருந்தது. முதலில் அவர்களே வாசித்தார்கள், பிறகு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சபைகள்), போலீஸ் சங்கங்கள், சாரணர் படைகள் என்று புரவலர்கள் பெருகினார்கள். பையன் நடந்து போகிற தூரத்தில் பயிற்சி. செலவுக்கு பிங்கோ ஆட்டம், சங்க மதுக்கூடத்து வருமானம்.

அந்த அமைப்பிலிருந்து வந்த இரண்டு அணிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நியூ ஜெர்சி கார்ஃபீல்டில் ஹோலி நேம் பங்கில் 1934-ல் பிறந்தது பின்னாளில் தி கேடெட்ஸ் ஆன அணி. பாஸ்டனில் ஒரு பங்கில் 1940-ல் பிறந்தது பாஸ்டன் க்ரூசேடர்ஸ். கேடெட்ஸ் பத்து உலகப் பட்டம் வாங்கியது. சமச்சீரான கட்டங்களை உடைத்து, மைதானத்தில் உருவங்களை வழிந்தோட விட்டு, 1983 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து ஜெயித்தது. அதே அணி 2024 ஜனவரியில் கதவை மூடியது. பாலியல் துன்புறுத்தல் புகார்கள், அவற்றைத் தொடர்ந்த வழக்கு, பணமுடை என்று எல்லாம் சேர்ந்த முடிவு அது. பல தலைமுறை பட்டம் எட்டாமலே இருந்த பாஸ்டன், 2025-ல் தன் 85-வது வயதில் முதல் முறையாக ஜெயித்தது.

இதை மரபுக்கும் புதுமைக்கும் நடந்த போட்டி என்று கேலரியில் பலர் பேசுவார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுமே துணிந்து மாறிய அணிகள்தான். எது நிலைக்கிறது என்பதைப் பிள்ளைகளைப் பாதுகாக்கும் ஏற்பாடும் கணக்குப் புத்தகமும் தீர்மானிக்கின்றன. "எல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லிப் புகாரை மூடி வைப்பதும் இந்த உலகில் ஒரு பழைய வழக்கமாக இருந்தது. அது ஒழிவதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு: சாலை, பிறகு கேன்டன், ஒஹையோ

கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். நிகழ்ச்சி முடிந்த இரவே அணிகள் கிளம்பிவிடும். பிள்ளைகள் பஸ்ஸில் தூங்குவார்கள், விடியற்காலையில் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளியின் ஜிம் தரையில் காற்று மெத்தையை ஊதிப் போட்டு மிச்சத் தூக்கத்தைத் தூங்குவார்கள்.

இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவருக்கு இசையைவிடச் சட்டம் முக்கியம். அமெரிக்காவில் பயணிகள் பஸ் ஓட்டுநர் பத்து மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, மறுபடி தொட எட்டு மணி நேர ஓய்வு வேண்டும். தூரம் அதற்கு மேல் போனால் நடுவழியில் மாற்று ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். ஆள் எண்ணிக்கையும் இதில் சேரும். நெடுங்காலம் ஒரு அணிக்கு 128 பேர்தான் உச்சவரம்பு. பிறகு 135, 150, 154 என்று ஏறியது. ஐம்பது சொச்சம் இருக்கை உள்ள பஸ்ஸில் 128 பேரை மூன்றில் அடைக்கலாம். 154 பேரோடு பயிற்சியாளர்களையும் சேர்த்தால் நான்காவது, ஐந்தாவது பஸ் தேவை.

சாப்பாடு நாளுக்கு நான்கு வேளை: காலை, மதியம், மாலை, நிகழ்ச்சிக்குப் பின் நள்ளிரவில் ஒன்று. இருநூறு பேர் என்றால் எண்ணூறு தட்டு. பெரும்பாலும் பெற்றோரும் பழைய உறுப்பினர்களும் சம்பளமில்லாமல் நின்று சமைக்கிறார்கள். ஒன்று மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை: வரிசையில் யார் முந்தி என்பதில் சச்சரவு.

இதற்கெல்லாம் உறுப்பினர் கட்டுவது, முதல் வகுப்பு அணிகளில், ஒரு பருவத்துக்கு 5,000 டாலருக்கு மேல். கோடை முழுக்கச் சம்பாதிக்கவும் முடியாது என்பதைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் கனம். முன்பு ஆலைத் தொழிலாளி வீட்டுப் பையன் வந்தான். இன்று வருகிறவர்களில் கல்லூரியில் இசை படிப்பவர்கள் அதிகம், வேறு மாநிலத்திலிருந்து விமானத்தில் வந்து சேர்கிறார்கள். வாசிப்பின் தரம் எங்கேயோ போய்விட்டது என்பது உண்மை. பக்கத்துத் தெருப் பையன் வெளியே நிற்கிறான் என்பதும் உண்மை.

கேன்டன் ப்ளூகோட்ஸின் ஊர். 1972-ல் உள்ளூர்ப் போலீஸ் சிறுவர் மன்றத்தில் ஆரம்பித்த அணி, பெயரே காவலர் சீருடையிலிருந்து வந்தது. 2016-ல் மைதானத்தில் சறுக்குமரம் போன்ற வளைவுகளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி வைத்து, முதல் பட்டத்தை வாங்கியது. அந்த வளைவுகள் எத்தனை டிரெய்லர் இடத்தைத் தின்றிருக்கும் என்று யோசித்தபடி சாலையில் இறங்கினால் நேரம் போவதே தெரியாது.

நான்காம் நாள், திங்கள்: மேரியன், இண்டியானா

இரண்டாம் நிலையான ஓப்பன் கிளாஸின் போட்டி இங்கே. பெரும்பாலும் சிறிய அணிகள், குறுகிய சுற்றுப்பயணம், குறைவான கட்டணம். லாரியும் குறைவு. பழைய டிரம் கோரின் முகச்சாயல் மிச்சமிருப்பது இங்கேதான் என்பது எங்கள் கட்சி.

இன்று பியூகிள் பேச நல்ல நாள். பெயரில் பியூகிள் இருந்தாலும் இன்று பெரிய அணிகள் எதுவும் பியூகிள் வாசிப்பதில்லை. ராணுவத்திலிருந்து வந்தது ஜி சுருதிக் குழல், நம் கணக்கில் ஐந்து கட்டை. விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் வால்வே கிடையாது, உதட்டு அழுத்தத்தில் கிடைக்கும் இயற்கைச் சுரங்கள் மட்டும். பிறகு கிடையாக ஒரு பிஸ்டன் வால்வு வந்தது, அதோடு ஒரு ரோட்டரி (சுழல்) வால்வு சேர்ந்தது. 1977-ல் செங்குத்தாக இரண்டு வால்வு அனுமதிக்கப்பட்டது.

இரண்டு வால்வில் என்ன குறை? ஒன்று முழுச்சுரம் இறக்கும், மற்றது அரைச்சுரம் இறக்கும், சேர்த்தால் மூன்று அரைச்சுரம். மேல் ஸ்தாயியில் இயற்கைச் சுரங்கள் நெருக்கமாக இருப்பதால் அது போதும். கீழே வந்தால் ச-வுக்கும் ப-வுக்கும் நடுவில் ஒரு படியும் இல்லை. ப-விலிருந்து மூன்று அரைச்சுரம் இறங்கினால் அந்தர காந்தாரம்வரைதான் எட்டும். சாதாரண காந்தாரமும் இரண்டு ரிஷபங்களும் கிடையவே கிடையாது. எழுதுகிறவர் அந்தச் சுரத்தை வேறு அளவுக் குழலுக்குத் தள்ளிவிட வேண்டும், அல்லது ராகத்தையே மாற்ற வேண்டும். பழைய டிரம் கோர் இசையின் தனித்த நிறத்துக்கு இந்த இல்லாமையும் ஒரு காரணம். 1990-ல் மூன்றாவது வால்வு வந்ததும் ஓட்டை அடைபட்டது.

2000-ல் எந்தச் சுருதிக் குழலும் வாசிக்கலாம் என்றானபோதுதான் பெரிய சண்டை. அணிகள் பி-ஃப்ளாட்டுக்கு, அதாவது ஆறரைக் கட்டைக்கு மாறின. ஜி குழலின் முரட்டுச் சத்தம் போய்விட்டது என்று பழையவர்கள் இன்னும் புலம்புகிறார்கள். காது அவர்கள் பக்கம், கணக்கு மறுபக்கம். ஜி குழலை டிரம் கோர் தவிர யாரும் வாங்க மாட்டார்கள், பழசானால் இரும்புக் கடைதான். பி-ஃப்ளாட் டிரம்பெட் எந்தப் பள்ளி பேண்டிலும் செல்லும். புதுக் குழலைச் சலுகை விலையில் எடுத்து, ஒரு கோடை வாசித்து, இலையுதிர் காலத்தில் பள்ளிகளுக்கு விற்றுவிடலாம். பள்ளியில் ட்ரம்பெட் கற்றவன் அதே விரல் கணக்கோடு நேரே உள்ளே வரலாம் என்பது இன்னொரு லாபம். 2014-ல் டிராம்போனும் பிரெஞ்சு ஹார்னும்கூட அனுமதிக்கப்பட்டன.

ஐந்தாம் நாள், செவ்வாய்: மேரியன்

இறுதிச் சுற்று. டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், சுருட்டி வைக்கக்கூடிய மெத்தை ஒன்று கொண்டு வாருங்கள், பெஞ்சு சுடும். இரவே இண்டியானாபொலிஸ், நூறு கிலோமீட்டர் சொச்சம்.

ஆறாம் நாள், புதன்: இண்டியானாபொலிஸ் சுற்றுப்புறம்

போட்டி இல்லை. நகரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் அணிகள் பயிற்சி செய்கின்றன. மைதானத்துக்குள் கால் வைக்காமல் ஓரமாக நின்றால் பெரும்பாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் இறுதிப் போட்டியை விட்டுவிட்டு இந்த நாளுக்கு வாருங்கள்.

ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சின்ன நோட்டு தொங்கும். அதில் நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் நிற்க வேண்டிய புள்ளி இருக்கும்: 40 கஜக் கோட்டுக்கு வெளியே இரண்டரைத் தப்படி, முன் ஹேஷுக்குப் பின்னால் நான்கு தப்படி என்பதுபோல. அளவு ஐந்து கஜத்துக்கு எட்டுத் தப்படி, அதாவது தப்படிக்கு 57 சென்டிமீட்டர். இடவலமாகக் கணக்கு வைக்கக் கோடுகள் இருக்கின்றன. முன்பின்னாகக் கோடு கிடையாது, ஹேஷ் எனப்படும் சிறு குறிகளை நம்ப வேண்டும். தப்பு நேர்வது இங்கேதான். உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் ஹேஷ் ஓரத்திலிருந்து 53 அடி 4 அங்குலம், கல்லூரி மைதானத்தில் 60 அடி. வித்தியாசம் மூன்றரைத் தப்படி. பள்ளியில் பழகியவன் வேறு மைதானத்தில் ஹேஷை நம்பி நின்றால் வட்டம் முட்டையாகிவிடும். போட்டி மைதானத்தில் எந்தக் குறி வரைந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு, அதே அளவைப் பயிற்சி மைதானத்தில் பெயின்ட்டாலோ டேப்பாலோ போட்டுக்கொள்வது வழக்கம்.

வெயிலில் ஆளுக்கு ஒரு காலன் குடம், கிட்டத்தட்ட 3.8 லிட்டர். டெனர் எனும் பல தலை முரசு பதினைந்து கிலோ வாக்கில் இருக்கும். அதைச் சுமந்தபடி பக்கவாட்டில் நண்டு நடை.

பழைய ஆட்டமுறையில் இத்தனை ஓட்டம் இல்லை, அதற்கு மதிப்பெண் முறையே காரணம். 1983 வரை நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கி, வாசிப்பவன் காதருகே நடந்து, ஒவ்வொரு பிசகுக்கும் பத்தில் ஒரு பங்கு கழித்தார்கள். அதற்கு டிக் என்று பெயர். முழு மதிப்பெண்ணிலிருந்து இறங்கும் கணக்கு என்பதால் கடினமான எதையும் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். 1984-ல் கணக்கு தலைகீழானது, கீழிருந்து ஏற்றிக்கொண்டு போகும் முறை வந்தது. இப்போது 100-ல் 40 பொதுவான தாக்கத்துக்கு, 30 காட்சிக்கு, 30 இசைக்கு. தாக்கத்துக்கு மதிப்பெண் என்றானதும் வடிவமைப்பாளர்கள் வந்தார்கள், கதை வந்தது, மேடைப் பொருள் வந்தது. வெள்ளிக்கிழமை பார்த்த லாரிக்கு விதை அந்த ஆண்டுதான் விழுந்தது.

இந்தப் போட்டி அமைப்பே ஒரு கலகத்தில் பிறந்தது. 1971-ல் சங்கங்கள் போட்ட உடை, கொடி விதிகளை மீறி ஒரு அணி சர்க்கஸ் வேடத்திலும், இன்னொன்று சிறுவர் கதை மாந்தர் வேடத்திலும், வேறொன்று வியட்நாம் போரை எதிர்த்து அமைதிச் சின்ன வடிவிலும் வந்தன. அதே ஆண்டு அணிகள் தாங்களே சேர்ந்து டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனலைத் தொடங்கின. 1972-ல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் முதல் உலகப் போட்டி, ஜெயித்தது அனஹைம் கிங்ஸ்மென். இன்று புதுமையைத் திட்டும் நரைத்த தலைகளில் சில, அன்று அந்தக் கலகத்தில் நடந்த கால்களுக்குச் சொந்தம்.

ஏழாம் நாள், வியாழன்: லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்

முதல் சுற்று, காலையிலிருந்து இரவு வரை. 25 அணிகள் நாளைக்குப் போகும், அதில் 12 சனிக்கிழமைக்கு.

எங்கே உட்காருவது? முன்வரிசை வேண்டாம். பிட்டின் ஒலிபெருக்கி நெஞ்சில் அறையும், பின்னாலுள்ள குழல்கள் கேட்காது. மைதானத்தின் நடுவான 50 கஜக் கோட்டுக்கு நேரே உயரத்தில் உட்காருங்கள். மூடிய கூரையும் கண்ணாடிச் சுவரும் எதிரொலிப்பதால் மூலை இருக்கையில் ஒரே அடி இரண்டாகக் கேட்கும்.

மைதானத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். பின்கோட்டில் நிற்பவரின் ஓசை 45 மீட்டர் தாண்டி முன்னால் வர 0.13 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 160 அடி என்ற காலப்பிரமாணத்தில் அது ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பின்னால் இருப்பவர்கள், முன்னால் நின்று தாளம் காட்டுபவரின் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும், காதை நம்பக்கூடாது. முன்னால் இருக்கும் பிட் ஆட்கள் நேரெதிர். அவர்கள் கையைப் பார்க்காமல், பின்னாலிருந்து வரும் முரசைக் கேட்டு அதன்மேல் வாசிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அணி கிழிந்துவிடும். ஒலிபெருக்கியும் சிந்தசைசரும் முன்னாலிருந்தே ஒலிப்பதால் இந்தக் கணக்கில் இன்னொரு முடிச்சு. கீழ் ஸ்தாயி மின்னொலி அளவு மீறினால் ரசிகர்கள் அதைக் கூழ் என்று திட்டுவார்கள். திட்டு நியாயமானது. எண்பது குழல்கள் மூச்சைக் கொடுத்து எழுப்பும் ஓர் ஒலியின் அடியில், ஒற்றை விரல் அழுத்திய ஒலி அவ்வளவு எளிதாக ஊறிவிடுகிறது.

எட்டாம் நாள், வெள்ளி: அரையிறுதி

கொடிகளைப் பாருங்கள். கலர் கார்டு என்ற பெயர் தேசியக் கொடிக்குக் காவல் என்ற பொருளில் வந்தது. பழைய போட்டியில் கொடியேந்தி வருவது கட்டாயம், துப்பாக்கிக்காரர் இருபுறமும் நடப்பார். அந்தத் துப்பாக்கிதான் இன்று ஓசையில்லாத மரக்கட்டையாகிக் காற்றில் சுழல்கிறது. கொடிக் கம்பத்தின் இரு நுனியிலும் எடைக்கு போல்ட் வைத்து டேப் சுற்றுவார்கள். எடை சமமில்லை என்றால் சுழற்சி முடியும்போது கம்பம் கையைத் தாண்டிப் போகும்.

உடையும் மாறிவிட்டது. இறகு செருகிய உயரத் தொப்பியும் கம்பளிச் சட்டையும் பல பருவம் உழைத்தன, ஒருவர் போனால் அடுத்தவர் தோளுக்குப் போகும். இப்போது அந்த ஆண்டின் கதைக்கேற்ப அச்சிட்ட நீட்சித் துணி, பெரும்பாலும் ஒரே பருவம். தரையில் உருள்வதற்கும் வெயிலுக்கும் அதுதான் சரி. ஆனால் இறகுத் தொப்பி ஒரு வேலை செய்தது: நூறு தலை ஒரே நேரத்தில் திரும்புவது கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

பல அணிகள் பையன்களுக்கு மட்டும் என்றிருந்தன, சிறுமிகளுக்குத் தனி அணிகள். 1938-ல் தொடங்கிய மேடிசன் ஸ்கவுட்ஸ் 2019-ல்தான் பாலின வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் கதவு திறப்பதாக அறிவித்தது. அப்போதும் சகோதரத்துவம் போய்விடும் என்று குரல் எழுந்தது. குழலுக்கு ஊதுகிறவர் யார் என்று தெரியாது.

ஒன்பதாம் நாள், சனி: இறுதி

முடிவை நூறு பேர் எழுதுவார்கள். இங்கே முடிவுக்குப் பிறகு.

மதிப்பெண் அறிவித்ததும் 21 வயதானவர்கள் அழுவார்கள், அடுத்த ஆண்டு அவர்களுக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. நள்ளிரவு தாண்டி லாரி ஏற்றம் தொடங்கும். பருவம் முழுக்க ஏற்றும் விதி ஒன்றே: மறுநாள் முதலில் வேண்டியது கடைசியில் ஏறும். இன்று விதி வேறு, எது எந்த ஊரில் இறங்குமோ அந்த வரிசை. குழல்கள் ஒவ்வொன்றாக வரிசை எண் பார்த்துச் சரிபார்க்கப்படும். நெளிவு, இறுகிப்போன ஸ்லைடு (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்), தொலைந்த வால்வு மூடி எல்லாம் பட்டியலில் ஏறும், வாங்கப்போகும் பள்ளி அதைப் பார்த்துத்தான் விலை பேசும். ஸ்லைடு இறுகியிருந்தால் இடுக்கி போடக்கூடாது, எண்ணெய் விட்டு ஓர் இரவு வைக்க வேண்டும்.

பிறகு தங்கியிருந்த பள்ளியின் ஜிம்முக்குத் திரும்பி, மெத்தைகளைச் சுருட்டி, குப்பை பொறுக்கி, தரையைக் கூட்ட வேண்டும். தரை அழுக்காக இருந்தால் அடுத்த கோடையில் அந்தப் பள்ளி கதவு திறக்காது. ஆகவே பின்கதவை மூடுவதற்கு முன் கடைசியாக உள்ளே போவது துடைப்பம்.